மலைநாட்டில் பூட்டு வந்த கதை

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவிலே மழைக்கு ஒதுங்கி நிற்பவன் எதையாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் வீடு திரும்புவதில்லை. சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் கூரைத் தகரத்துக்கு ஆணி வாங்கச் சென்ற நான், இரும்புக்கடைத் தாழ்வாரத்தில் நெடுநேரம் நிற்க நேர்ந்தது. எனக்கு முன்னே நின்ற மூதாட்டி ஒருத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக்கொடுத்து ஒரு பூட்டு வாங்கினாள். பித்தளைப் பூட்டு, இரண்டு சாவிகள். அதனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல லயத்துக்கு ஏதுங்கய்யா பூட்டு? கதவச் சாத்திட்டு மலைக்குப் போயிருவோம். இப்ப கோயிலுக்கே பூட்டுப் போட வேண்டியிருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பக்கத்தில் நின்றவர்கள் யாவரும் தலையை ஆட்டினார்கள். தலையாட்டாது நின்றவன் ஒருவன்தான். முன்பு என்னிடம் படித்து இப்பொழுது உயர்தர வகுப்பில் இருக்கும் மாணவன் அவன். "சேர், உண்மையாகவே அந்தக் காலத்தில் களவு குறைவா? அதற்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவன் நான். அன்று எனக்கு உடனே விடை வரவில்லை. மழை விட்டதும், "தேடிப் பார்த்துச் சொல்லுகிறேன் தம்பி" என்று கூறிப் பிரிந்தேன். அவனுக்குக் கொடுத்த வாக்கின் நிறைவேற்றமே இக்கட்டுரை.

பாதையில் நின்ற கள்வன்

இலங்கையிலே திருட்டின் வரலாற்றைப் பேசப் புகுந்தால் முதலில் வந்து நிற்பவன் ஊத்துவன்கந்தையின் சரதியேல். கொழும்பு - கண்டிப் பாதையில், மாவனல்லைக்கு அருகே, மலையுச்சியொன்றைத் தன் கோட்டையாகக் கொண்டு, வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன் அவன். 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் அவனைப் பிடிக்க நடந்த மோதலில் சபான் என்னும் பொலிஸ் வீரர் சுடப்பட்டு இறந்தார். இந்நாட்டில் கடமையின்போது உயிரிழந்த முதற் பொலிஸ்காரர் அவரே. அந்நாளையே இன்றும் பொலிஸார் தம் வீரர்களின் நினைவுநாளாகக் கொண்டாடுகின்றனர். அதே ஆண்டு மே மாதம் சரதியேலும், அவனுடைய தோழன் மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டிலே பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866இல் கேம்பல் என்பார் தலைமையேற்றுப் பொலிஸ் படையைத் திருத்தியமைத்தார்.

பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சரதியேலைப் பற்றி நாட்டுக் கதைகள் பேசும். அது கிடக்க. அவன் ஏன் அந்தப் பாதையிலே நின்றான் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. மலைநாட்டின் காப்பி முழுவதும் அக்காலத்தில் மாட்டு வண்டிகளில் அப்பாதை வழியே கீழிறங்கியது. அரிசியும் பணமும் அதே பாதை வழியே மேலேறின. நாட்டின் செல்வம் முழுவதும் மாட்டின் நடையில், காட்டின் நடுவே ஊர்ந்தது. கள்வனுக்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறெது? 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. செல்வம் வண்டியை விட்டு இரும்புப் பாதையில் ஏறிற்று. சரதியேலைத் தூக்குமரம் முடித்தது. சரதியேல்களின் காலத்தை முடித்ததில் புகையிரதத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மாட்டுத் திருட்டின் கதையும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் ஆட்சியாளரை மிகவும் வருத்திய குற்றங்களுள் மாட்டுத் திருட்டும் ஒன்று. உழவுக்கும் வண்டிக்கும் மாடே உயிர். ஆதலின் மாட்டுக்குக் குறி சுடுதல், கைம்மாறும்போது சீட்டு எழுதுதல் என்றெல்லாம் விதிகள் வகுத்தனர். பின்னர் லொறியும் உழவு இயந்திரமும் வந்தன. மாட்டின் இடம் சுருங்கியது. அத்திருட்டின் பெருமையும் சுருங்கியது. இன்றும் மலைநாட்டில் இரவோடிரவாகக் கறவைப் பசு மறைவதுண்டு. ஆயினும் அது இறைச்சிக்கான களவு, ஏருக்கான களவன்று.

காப்பியும் கொழுந்தும்

நமது மலைகளுக்கு வருவோம். 1870களில் துரைமார் சங்கங்களின் பெரிய முறைப்பாடு காப்பித் திருட்டைப் பற்றியதாகவே இருந்தது. காப்பிப் பழத்தைப் பறித்தவன் அதனைத் தன் முற்றத்திலேயே காயவைக்கலாம். அடுத்த சந்தியிலே கடைக்காரனிடம் கொடுத்துக் காசாக்கலாம். விலை ஏறியபோது திருட்டும் ஏறியது. அதனைத் தடுக்கவென்றே தனிச் சட்டங்கள் பிறந்தன. ஐயத்துக்கிடமான முறையில் காப்பியை வைத்திருந்தவன், அது தன்னிடம் வந்த வழியைத் தானே கணக்குக் காட்டவேண்டியவனானான். குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை வழக்கத்துக்கு மாறாகத் தோள் மாறியது.

இச்சட்டங்கள் வென்றனவா? வெல்லவோ தோற்கவோ அவற்றுக்கு நேரம் போதவில்லை. 1869இல் இந்நாட்டிலே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் காப்பியைக் கருக்கித் தள்ளிவிட்டது. காப்பித் திருட்டை இலங்கையில் ஒழித்தது பொலிஸாரல்லர், நீதிபதிகளுமல்லர், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம்.

காப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தைத் திருடி என்ன செய்வது? பறித்த சில மணி நேரத்துக்குள் அது தொழிற்சாலைக்குப் போகவேண்டும். வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்த வேண்டும். அந்தத் தொழிற்சாலையோ துரைக்கு உரியது. லயத்துக் காம்பராவில் ஒரு கூடைக் கொழுந்து கிடந்தால் மறுநாள் அது வெறுங்குப்பை. ஆகவே எட்டுத் திசையும் திறந்து கிடந்த தேயிலை மலைகளில் ஏறக்குறைய நூறாண்டு காலம் கொழுந்துத் திருட்டு ஒரு பெரும் பொருளாகவில்லை. மக்களின் நற்குணம் ஒரு காரணமாகலாம். கொழுந்தின் குணமும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி, நூற்றுக்கு எழுபது என்ற அளவுக்கும் மேலாக, சிறு தோட்டக்காரர் நிலங்களிலிருந்து வருகிறது. கொழுந்தை விலைக்கு வாங்கும் தொழிற்சாலைகளும், அவற்றுக்காகக் கொழுந்து சேர்க்கும் லொறிகளும் பெருகிவிட்டன. கேட்டுக் கேள்வியின்றி வாங்குவோன் ஒருவன் வந்ததும், விற்போன் ஒருவனும் வந்துவிட்டான். இப்பொழுது கொழுந்துத் திருட்டு என்ற சொல்லைக் கேட்கிறோம். செடி அதே செடி, மலை அதே மலை, சந்தைதான் புதிது.

இதிலிருந்து ஒரு விதி புலனாகிறது. திருட்டு, பொருளின் பின்னே செல்வதில்லை. பொருளைக் காசாக்கும் வழியின் பின்னே செல்கிறது.

திருட்டென்று பெயர் பெறாதவை

இவ்விடத்தில் என் மாணவன் மற்றொரு கேள்வி கேட்பான் என்பதை அறிவேன். "எது திருட்டு என்று முடிவு செய்தவர் யார், சேர்?"

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொள்ளப்படும் என விதித்தது. கண்டி மலைகளில் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும், மாடு மேய்த்தும் வந்த சிங்களக் கிராமத்தவர் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. அந்நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்குத் துரைமாருக்குப் போயிற்று. பின்னர் அதே கிராமத்தவன் அதே மலையில் காப்பி பறித்தால் அவன் கள்வன். சட்டத்தின் கண்ணுக்கு முதலாவது விற்பனை, இரண்டாவது திருட்டு.

நம்மவர் கதை இன்னும் விந்தையானது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி சிறை செல்ல நேரிடும். முற்பணமாகப் பெற்ற கடனைத் தீர்க்காமல் ஓடியவன் தன் உடம்பையே திருடிக்கொண்டு ஓடியவனாகக் கருதப்பட்டான். அவன் கடனை எழுதிய "துண்டு" தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. பூட்டும் சாவியும் லயத்துக் கதவில் இல்லைதான். அவை அந்தத் துண்டுக் கடதாசியிலே இருந்தன. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அக்காலத்திலேயே தோட்டத்தை விட்டுப் போவதற்குச் சிறை என்ற விதியும் நீங்கியது. ஒரே நாளில் ஒரு குற்றம் குற்றமல்லாது போயிற்று. குற்றக் கணக்கைப் பார்க்கிறவன், எழுதுகோலை ஓட்டிய சட்டத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது, ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் எடையைப் பற்றி நம் தாய்மார் சொல்லும் குறையை நான் சிறு பிராயம் முதல் கேட்டு வருகிறேன். மழை நாளில் கொழுந்து ஈரமாயிருப்பது உண்மை, கழிவு நியாயமே. ஆனால் வெயில் நாளிலும் அதே கழிவு விழுந்தால் அதற்குப் பெயர் என்ன? எந்தப் பொலிஸ் அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஒரு பேணித் தேயிலைத்தூள்

சொல்ல விரும்பாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1967ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாய்மாமன் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டியதில்லை. எங்கள் லயத்திலே ஒரு கிழவர் இறந்துவிட்டார். இழவு வீட்டுக்கு இரவு முழுவதும் சனங்கள் வருவார்கள், தேநீர் கொடுக்கவேண்டும், கடையிலோ பற்று மிஞ்சிவிட்டது. மாமா தம்முடைய சாப்பாட்டுப் பேணியில் அரை இறாத்தல் தூளை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தார். வாசலிலே காவற்காரர் பேணியைத் திறந்தார்.

அவர் எடுத்தது உண்மை. எடுக்கவில்லை என்று அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. "பொலிஸுக்குப் போகிறாயா, தோட்டத்தை விட்டுப் போகிறாயா?" என்று கேட்டார்கள். அவர் போவதாகச் சொன்னார். மறுநாள் பொழுதுபடுவதற்குள் மாமியும் மூன்று பிள்ளைகளும் சட்டி பானைகளோடு எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயுள் முழுவதும் தேயிலையை உருட்டிய கைக்கு அரை இறாத்தல் தேயிலை விலக்கப்பட்ட பொருளாயிருந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான இறாத்தல் தூள் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறிய காலம் அது.

சில ஆண்டுகளின் பின், 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்கள் இந்தியா சென்றார்கள். ஹட்டன் புகையிரத நிலையத்தில் நான் வழியனுப்ப நின்றேன். மாமா ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் வாங்கி வைத்திருந்தார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியில் ஏறும் வரையில் இரண்டு மூன்று தடவை அதனைத் தொட்டுப் பார்த்தார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கும் மட்டும் அந்தச் சீட்டு பையிலேயே இருந்ததாம். பிறகு நீலகிரியிலிருந்து வந்த கடிதத்தில் மாமி எழுதியிருந்தாள்.

நான் ஆசிரியன். "பசித்தால் எடுக்கலாம்" என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க என்னால் இயலாது, கற்பித்ததுமில்லை. மாமா செய்தது திருட்டே. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையை அளக்கும் தராசு எது என்று இன்றும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். அந்தத் திருட்டு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பொலிஸ் புத்தகத்தில் இல்லை. நீதிமன்றப் பதிவில் இல்லை. "அந்தக் காலத்தில் களவே இல்லை" என்று சொல்லும் எண்களின் பின்னால் இத்தகைய பேணிகள் எத்தனை மறைந்துள்ளனவோ!

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இனி எண்களைப் பார்ப்போம். இலங்கைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் பாரதூரமான குற்றங்களின் அட்டவணையைத் தொகுக்கிறது. அவற்றுள் வீடுடைத்துத் திருடலும், கொள்ளையும், ஏனைய திருட்டுக்களுமே பெரும்பங்கு. 2011ஆம் ஆண்டளவில் நாடு முழுவதும் 50,000க்கு மேற்பட்டிருந்த பாரதூரமான குற்றங்கள், 2017ஆம் ஆண்டில் 40,000க்குக் குறைந்துவிட்டன. மேல்நாடுகளிலும் இத்தகைய வீழ்ச்சியே காணப்படுகிறது. அமெரிக்காவில் 1991இல் ஓரிலட்சம் மக்களுக்கு 5,000க்கு மேற்பட்டிருந்த சொத்துக் குற்றங்கள், 2020இல் 2,000க்குக் கீழே இறங்கின. இங்கிலாந்திலும் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் இறக்கமே. நல்ல பூட்டு, திருட முடியாத மோட்டார் வண்டி, கண்காணிப்புக் கமரா, மக்கள்தொகையில் இளைஞர் பங்கு குறைதல் என்று அறிஞர்கள் பல காரணம் கூறுவர். ஒருமுகமான முடிவு இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே "களவு நாளுக்கு நாள் பெருகுகிறது" என்ற கடைத்தெருப் பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை. அதற்காக எண்களை அப்படியே ஏற்பதற்குமில்லை. காரணம் சொல்கிறேன்.

அந்த அட்டவணையிலே எல்லாத் திருட்டும் ஏறுவதில்லை. சைக்கிளும் கால்நடையும் பெறுமதி பாராது ஏறும். ஏனைய திருட்டுக்கோ நெடுங்காலம் 5,000 ரூபா என்ற எல்லை இருந்தது. ஒரு காலத்தில் 5,000 ரூபா என்பது தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். 1,000 ரூபா நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட 2021இல் அஃது ஐந்து நாட் கூலி. பணத்தின் மதிப்பு இறங்க இறங்க, முன்பு சிறு களவாயிருந்தது தானே பெருங்களவாகிப் பட்டியலில் ஏறும். எல்லையை உயர்த்தினால் ஒரே இரவில் இறங்கிவிடும். கள்வர் ஒருவரும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அடுத்தது, முறைப்பாடு. களவு கொடுத்தவன் பொலிஸ் நிலையம் சென்றால்தான் அது எண்ணாகும். லயத்திலே வாழும் ஒருத்தி ஒருநாள் வேலையை விட்டு, அரைப் பேரும் இழந்து, பஸ் ஏறிப் போக வேண்டும். தமிழ் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவியின் தாய்க்குத் துணையாக ஒரு பொலிஸ் நிலையத்துக்கு நானே சென்றேன். அவள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்து வையுங்கள்" என்றார்கள். அவள் காணாமற் போன இரண்டு காப்பைப் பற்றிச் சொன்னாள்; தாளில் ஒரு காப்புத்தான் இருந்தது. நான் வாசித்துச் சொன்னதால் திருத்தினார்கள், தயக்கமின்றியே திருத்தினார்கள். வாசிக்கத் தெரிந்தவர் உடன் வராத நாட்களில் எத்தனை காப்புகள் தாளில் ஏறாது போயினவோ?

வேறொரு பெருங்குறையும் உண்டு. 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் மலைநாட்டிலே லயங்களும் கடைவீதிகளும் சூறையாடப்பட்டன. பதுளையும் நுவரெலியாவும் 1983இல் எரிந்தன. தையல் இயந்திரமும், தோடும், அரிசி மூட்டையும், ஆடும் மாடும் பட்டப்பகலில் போயின. தனியொருவன் கன்னமிட்டால் அது ஒரு குற்றம் என்று எண்ணப்படும். ஊரே திரண்டு ஊரைச் சூறையாடினால் அது எத்தனை குற்றம்? சொத்துக் குற்றங்களின் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதாகப் படம் வரைவோர், அந்த நாட்களுக்கு எந்த இடத்தில் புள்ளி வைப்பார்கள்?

விலைவாசியும் களவும்

பஞ்சத்துக்கும் திருட்டுக்கும் உள்ள உறவை முதன்முதலில் எண்களால் காட்ட முயன்றோருள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் கியோர்க் வொன் மாயர். பவேரியா நாட்டின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 1867இல் அவர் வெளியிட்ட முடிவு, தானிய விலை ஏறும்தோறும் திருட்டும் கூடவே ஏறியது என்பதாகும். அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

மாயரின் பாடத்தை நாம் 2022இல் நேரிற் கண்டோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 வரை ஏறியிருந்தது. நாட்டிலே களவு போன பொருள்களைப் பாருங்கள்: வாகனத்திலிருந்து எரிபொருள், தொலைபேசிக் கம்பியின் செம்பு, நீர்மானியின் பித்தளை, தோட்டத்து மரக்கறி. கரட் விலை ஏறினால் கரட் பாத்திக்குக் காவல். ஏலக்காய் விலை ஏறினால் ஏலத் தோட்டத்துக்குக் காவல். பழைய இரும்புக் கடைத் தராசு கள்வனின் நாட்காட்டியாகிவிட்டது. போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞரையும் பொலிஸார் ஒரு காரணமாகக் காட்டுகின்றனர். ஹட்டன் பக்கத்துப் பெற்றோர் எவரும் இதனை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் நான் அறிந்தவரையில் அந்தக் கொடிய ஆண்டில் பசித்த மக்களில் மிகப் பெரும்பாலோர் எதனையும் திருடவில்லை. இரண்டு வேளை உண்டவர்கள் ஒரு வேளை உண்டார்கள், தோட்டை அடகு வைத்தார்கள், மரவள்ளி அவித்தார்கள். இதற்கும் எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. திருடாதிருந்தவர்களை எண்ணும் திணைக்களம் உலகில் எங்குமில்லை.

விளக்கின் அடியில்

இந்த ஊருக்கே உரிய ஒரு களவையும் சொல்லவேண்டும். கெசல்கமுவ ஓயாவின் நீரைக்கொண்டு 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய மின்நிலையம் நோட்டன் பிரிட்ஜில் எழுந்தது. கொழும்பின் விளக்குகளுக்கு இங்கிருந்து மின்சாரம் சென்றது. அந்தக் கம்பிகளின் கீழே இருந்த லயங்களில் பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலே பிள்ளைகள் படித்தன. நானும் அப்படிப் படித்தவனே. பின்னாளில் யாரோ ஒருவன் கம்பியில் கொக்கி மாட்டி ஒரு குமிழை எரியவிட்டால் அது மின்சாரத் திருட்டு. சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஆனால் அந்தக் குமிழின் வெளிச்சத்தில் எதுவெல்லாம் தெரிந்தது என்பதையும் எழுதி வைக்கவேண்டும் அல்லவா?

இப்பொழுது லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. தொலைக்காட்சி வந்தது, மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்கள் அனுப்பிய பணத்தில் நகை வந்தது, கைத்தொலைபேசி வந்தது. பகல் முழுவதும் வீட்டார் மலையில் இருப்பர் என்பதைக் கள்வன் அறிவான். மூதாட்டி வாங்கிய பூட்டின் பொருள் இதுதான். அன்று லயத்துக்குப் பூட்டு இல்லாதிருந்தது உண்மையே. உள்ளே பூட்டத்தக்க பொருளும் இல்லாதிருந்தது என்பது அதன் மறுபாதி.

இப்பொழுது வரும் கள்வனோ பூட்டைத் தொடுவதேயில்லை. "உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று தொலைபேசியில் வருகிறான். "வெளிநாட்டில் வேலை, முற்பணம் கட்டுங்கள்" என்று வருகிறான். இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டால் ஊழியர் சேமலாப நிதியாக வந்த பணம் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். சரதியேல் பாதையில் நின்றான். இவன் காற்றிலே நிற்கிறான். வீடுடைத்தல் குறைந்தது என்று அட்டவணை காட்டும் ஆண்டிலே, களவு வீட்டை விட்டுத் தொலைபேசிக்குக் குடிபெயர்ந்திருக்கவும் கூடும்.

பொற்கொல்லனின் பட்டியல்

தமிழிலே களவைப் பற்றிய பெருங்கதை சிலப்பதிகாரம். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அங்கே பட்டியலிட்டுப் பேசுகிறான் பொற்கொல்லன். களவைப் பற்றி அத்துணை நுட்பமாகப் பேசியவனே அரசியின் சிலம்பைத் திருடியவன். அவன் கைகாட்டியவன் குற்றமற்ற கோவலன். மன்னன் ஆராயவில்லை. லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட, இலங்கைக் காட்டுக் கிராமமொன்றைப் பற்றிய நாவலிலும் இதே அவலம். ஊர்த் தலைமைக்காரன் பொய்யாகக் கட்டிய களவு வழக்கிலே ஓர் ஏழைக் குடும்பம் அழிகிறது. மதுரைக்கும் அந்தக் கிராமத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள்; ஆயினும் கள்வன் என்ற பெயர் எளியவன் தலையில் எளிதாக ஒட்டிக்கொள்வது மாறவில்லை.

வள்ளுவரோ கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தார். பிறர்பொருளைக் கவர எண்ணும் எண்ணத்தையே குற்றமென்றார். அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் பேணியில் தூள் எடுத்தவன் மட்டுமன்றி, நிறுவையில் குறைத்தவனும், ஊரையே ஏமாற்றிக் கோடி சேர்த்தவனும் ஒரே வரிசையில் நிற்கவேண்டி வரும். பொலிஸ் அட்டவணையை விட அது நீண்ட வரிசை.

மாணவனைச் சென்ற வாரம் கண்டேன். அவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, களவு கூடிற்று என்பதும் குறைந்தது என்பதும் பாதி உண்மை. களவு இடம் மாறுகிறது, பொருள் மாறுகிறது, பெயர் மாறுகிறது. ஒரு கணக்கைப் பார்த்தால் மூன்று கேள்வி கேள். எதனைக் களவென்று எழுதினார்கள்? யாருடைய முறைப்பாட்டை எழுதினார்கள்? எழுதாமல் விட்டது எது?"

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நான்காவது ஒன்றும் உண்டு, சேர். எழுதியதை வாசித்துக் காட்டினார்களா?" என்றான்.

இரண்டு காப்பைப் பறிகொடுத்த தாயின் மகள் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள் என்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. நான்கு கேள்விகளையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.